மறுபடியும் முதலாம் வருடம்

கல்முனையில் ஒரு தனியார் கல்லூரியில் தாதியர் டிப்ளோமா படித்தேன். சேரும்போது அங்கு படிப்பிக்கும் சேர், "ஓம் மகள், இத முடிச்சா பட்டப்படிப்புல நேரா மூணாம் வருஷத்துக்கு எடுப்பாங்க" என்றார். நம்பினேன். வேறெங்கும் விசாரிக்கவில்லை.

முடித்ததும் வாப்பாவுடன் கொழும்புக்குப் போய் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்கு இடம் கேட்டேன்.

"நீங்க டிப்ளோமாவுக்கு வாட்டுல பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரிய நாங்க ஏற்கிறதில்ல. முதலாம் வருஷத்தில இருந்துதான் படிக்கணும்" என்றார் அங்கிருந்த மிஸ்.

"அப்ப என்ட புள்ள இவ்வளவு நாளும் நோயாளிகளப் பார்த்தது படிப்பில்லையா?" என்று வாப்பா கேட்டார். மிஸ் முதலாம் வருட விண்ணப்பத்தை எங்கள் பக்கம் நீட்டினார்.

இப்போது அங்கேயே முதலாம் வருடத்தில் என்னைவிட இளையவர்களோடு படிக்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போது, தாதியர் படிப்பில் சேரப்போகும் பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே போய், "பட்டப்படிப்புக்கு எங்க போகப்போறீங்களோ, அங்க முதல்ல கேட்டுட்டுச் சேருங்க" என்று சொல்கிறேன்.