இளைப்பு என்று எழுதியிருந்தது

ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது தும்மல் வந்தது. தொப்புளுக்கு மேலே எலுமிச்சை அளவில் ஏதோ பிதுங்கியது. அழுத்தினேன், உள்ளே போனது. அடுத்த தும்மலில் மறுபடி வந்தது. தென்காசியில் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பதினொரு முறை அழுத்திப் பார்த்திருப்பேன்.

மருத்துவர் அதைக் குடலிறக்கம் என்றார் (வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடல் வெளியே தள்ளுவது). அறுவை சிகிச்சை வேண்டும். ஆனால் என் எடை தொண்ணூற்றொரு கிலோ.

"இந்த வயித்துல தைச்சா நிக்காது சார். எட்டுக் கிலோ எளைங்க. அதுக்குள்ள குடல் வெளிய மாட்டிக்கிட்டு உள்ள போகலேன்னா உடனே வந்துரணும். உயிருக்கே ஆபத்து."

கூட வந்திருந்த மனைவி தலையாட்டினாள். எனக்குக் கத்தியைவிட, இளைக்கச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

எடை குறையாமல் தவிக்கும் உங்களை, நாக்கை அடக்கத் தெரியவில்லை என்று திட்டியிருப்பார்கள். என்னையும் திட்டினார்கள். என் தடை நாக்கில் இல்லை. எங்கள் அப்பா இளைத்து இறந்தார் என்று நாற்பத்தேழு ஆண்டுகளாக நம்பியிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நில அளவை வேலையில் தருமபுரிப் பக்கம் இருந்தேன். ஊருக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தங்கையிடமிருந்து தபால் அட்டை வந்தது: 'அப்பாவுக்கு இளைப்பு கூடிவிட்டது. உடனே வரவும்.' மூன்று பேருந்து மாறி வந்தபோது தகனம் முடிந்திருந்தது. துட்டிக்கு (துக்கம் விசாரிக்க) வந்தவர்களும் "எளப்புலதான் போய்ட்டாவ" என்றார்கள். எலும்பும் தோலுமாக ஓர் அப்பாவை நானே மனத்தில் செய்து வைத்துக்கொண்டேன்.

சோற்றைக் குறைத்தேன். முதல் மாதம் இரண்டு கிலோ நூறு கிராம் குறைந்தது. வேட்டி தளர்ந்தது. நாடி பார்த்தேன்: எழுபத்தெட்டு. பத்து நிமிடம் கழித்து எண்பத்து நான்கு.

டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, எளச்சிட்டீயளே! சுகரா? இல்ல, வீட்டுல சோறு போடலியா?"

எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு இரண்டு வடை தின்றேன். வீட்டில் ஐந்து தோசை. அடுத்த மாதம் தொண்ணூற்றிரண்டு. இப்படி இரண்டு முறை ஆனது. எலுமிச்சை ஆரஞ்சு அளவாயிற்று. அறுவை சிகிச்சையை இனிமேல் தள்ளிப்போட முடியாது என்றார் மருத்துவர்.

வடகரையிலிருந்து தங்கை பார்க்க வந்தாள். மனைவி அவளிடம் முறையிட்டாள்: "எளச்சா ஒங்க அப்பா மாதிரி போயிருவோம்னு பயப்படுதாவ."

"யாரு எளச்சா? அப்பாவா?" தங்கை காபியைக் கீழே வைத்தாள். "கோட்டி பிடிச்சிருக்கா அண்ணாச்சி? அப்பாவத் தூக்க நாலு பேரு பத்தாம எட்டுப் பேரு வந்தாவ! காலெல்லாம் நீர் கோத்து, பத்தடி நடந்தா மூச்சு வாங்கும். அந்த எளப்பைத்தானே எழுதுனேன்!"

எங்கள் பக்கம் மெலிவதும் இளைப்புதான், மூச்சு வாங்குவதும் இளைப்புதான். அட்டையில் இருந்தவை ஐந்தே சொற்கள். அதில் ஒன்றைத் தவறாகப் படித்திருக்கிறேன்.

"நீங்க எளைக்காட்டித்தான் அப்பா மாதிரி போவீய," என்றாள் தங்கை.

பயம் அன்றே போய்விட்டது என்று எழுதினால் பொய். ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் நாடி பார்த்தேன். வடைக்குக் கை நீளும்போதெல்லாம் அந்த எட்டுப் பேரை எண்ணிக்கொண்டேன். ஐந்து மாதத்தில் எண்பத்து மூன்றுக்கு வந்தேன். வலை வைத்துத் தைத்தார்கள் (பலவீனமான சுவருக்கு ஒட்டுப் போடுவது போல). நான்காம் நாள் வீட்டுக்கு வந்தேன்.

அப்பா போனபோது அவருக்கு அறுபத்திரண்டு. எனக்கு இப்போது எழுபத்தொன்று. எல்லாவற்றையும் எண்ணுகிற நான், அவரைவிட ஒன்பது வயது மூத்தவனாகிவிட்டதை எண்ணியதே இல்லை. காலையில் குளிக்கும்போது தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு எலும்புகள் கையில் தட்டுப்படுகின்றன. பயமாகத்தான் இருக்கிறது. கையை உடனே எடுத்துவிடுவதில்லை.