ஓரத்து வரிசை அவள் பங்கு

எங்கள் ஊர் சிலிபினில் வீடு, லாரிப் பட்டறை, திருச்சபைக்குக் கிணறு எல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்ற நான் எழுப்பியவை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது, என் ரப்பர் மரங்களை வெட்டிச் சபையாருக்கு மரவள்ளி போட்டவனும் நானே. வயலை ஓரம்வரை அறுக்காதே என்று வேதம் சொன்னபடி, ஓரத்து வரிசையை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டேன். பக்கத்து ஊர் லகாட்டிலிருந்து ஒரு சீனப் பெண் கைக்குழந்தையோடு வந்து கிழங்கு பிடுங்கினாள். சபையார் விரட்ட ஓடினார்கள்.

“நம்ம பிள்ளைங்களே பட்டினி, அண்ணே. அந்த வசனம் கோதுமைக்குத்தான்லா!”

“கோதுமைய நீ கண்டியா? நமக்குக் கிழங்குதான் கோதுமை. பிச்சை இல்ல, அவ பங்கு அது. விடு!”

அவள் கூடை நிறைய எடுத்துப் போனாள். பசி தீரும்வரை வந்தாள்.

இன்று சபை விழாவில், அந்நியரை அன்று நேசித்தது சபை என்கிறீர்கள். விரட்டப் போனது சபை, தடுத்தது நான். அடுத்த விழாவில் அதை மேடையில் சொல்லுங்கள்.