பெயர் கேட்காத படிவம்

படிவத்தைப் படித்ததுமே ஜெனிஃபருக்குச் சந்தேகம் தட்டியது. 'பெண் ஆசிரியர்கள் குறைகளை அச்சமின்றி எழுதலாம், பெயர் தேவையில்லை' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே துறை, வயது, பணிக்காலம். அந்த மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையில் நாற்பதைத் தாண்டிய பெண் அவள் ஒருத்திதான்.

"பேர் வேணாம்னுட்டு ஜாதகத்தையே கேக்கறீங்களே மேடம்?"

"ஆபீஸ் ஃபார்மேட் ஜெனி. என்னைத் தவிர யாரும் பாக்கமாட்டாங்க" என்றார் பாமா. உடலியங்கியல் பேராசிரியை, பெண்கள் குறைதீர்ப்புக் குழுவின் தலைவி. போன வாரம்தான் கேன்டீனில் நோயியல் துறைத்தலைவர் சிவசங்கரனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஜெனிஃபர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கோலார் தங்கவயல்காரி. அப்பா சாலமனின் சுரங்க வேலை போனபோது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். கல்விக் கடனில் டாக்டரானவள். ஆறு வருடம் வாய்ப்புற்றுநோய் ஸ்லைடுகளைப் பார்த்துப் பார்த்து அவள் எழுதிய ஆய்வுக்கட்டுரை அச்சாகி வந்தபோது முதல் பெயர் அதே துறை ஹரிஷ்குமாருடையது. அவள் பெயர் மூன்றாவது. சிவசங்கரனிடம் போய்க் கேட்டாள்.

"டாக்டர் ஹரிஷுக்குப் புரமோஷன் நேரம். உங்களுக்கு வீடு, புள்ளைங்கன்னு ஆயிரம் இருக்கு. சொல்ப... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா."

ஹரிஷ் டாக்டர். அவள் அம்மா.

படிவம் வாங்கிய மூன்றாம் நாள் வராந்தாவில் சிவசங்கரன் எதிர்ப்பட்டார். "என்னம்மா, ஃபார்ம் எழுதியாச்சா?"

கேட்டவர்களுக்கு மட்டுமே பாமா தந்த படிவம் அது; தன்னிடம் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? அன்று மாலையே முடிவெடுத்தாள். எப்படியும் தெரியப் போகிறதென்றால் பெயர் போட்டே எழுதிவிடலாம். ஸ்லைடு பதிவேடு, மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றை அடுகோடியில் தங்கை வீட்டு பீரோவில் வைத்தாள். குழுவிடம் புகார் கொடுத்து, முத்திரையோடு ரசீது வாங்கிக்கொண்டாள். கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் எழுதினாள்.

விசாரணையில் ஐந்து பேர். "அவங்க தப்பா எடுத்துக்கிட்டாங்க" என்றார் சிவசங்கரன். ஜெனிஃபர் பாமாவைப் பார்த்துக் கேட்டாள்: "என்கிட்ட ஃபார்ம் இருக்குன்னு சாருக்கு யார் சொன்னது?"

பாமா கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான். முன்னாடியே காதுல போட்டுட்டா பேசியே தீத்துக்கலாம்னு நெனச்சேன். இருபது வருஷம் நானும் அப்படியே காலத்தை ஓட்டிட்டேன்." குழுவிலிருந்து விலகுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார். ஜெனிஃபருக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, நம்பிக்கையும் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து இதழில் திருத்தம் வந்தது. ஜெனிஃபரின் பெயர் முதலில். சிவசங்கரன் அதே நாற்காலியில்தான் இருந்தார். அவளுக்கு இரண்டாமாண்டு மாணவர்களின் ஆய்வக வகுப்பு மட்டும் ஒதுக்கப்பட்டது.

அந்த ஆய்வகத்துக்கு ஒரு மதியம் மருந்தியல் துறை இளம் ஆசிரியை அதிதி வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, "உங்களை நம்பி ஒண்ணு சொல்லலாமா மேம்?" என்றாள்.

ஜெனிஃபர் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "சொல்லு. ஆனா என்னையும் முழுசா நம்பாதே. மொதல்ல தேதி போட்டு எழுது."

அதிதி பேனாவைத் திறந்தாள்.