மூலைப் பாத்தியில் படித்த கதை

உப்பு எடுக்கும் முன்னால் பாத்தியை மிதிக்க வேண்டும். மழை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவோம். தரை கெட்டிப்பட்டால்தான் உப்பு வெள்ளையாக வரும். இல்லாவிட்டால் மண்ணோடு பழுப்பாக வரும். எங்கள் வரிசையில் ஐந்து பெண்கள். வலது, இடது என்று மிதித்தபடியே நகருவோம். வெயில் உச்சிக்கு ஏறும்வரை அதுதான் வேலை.

மிதிக்கும்போது கை சும்மா இருக்கும். அதனால் நான் புத்தகம் படித்தேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மற்ற நாலு பேருக்கு அதுவும் வராது. மரக்காணம் கடைத்தெருவில் ஒரு பாய் மளிகைக் கடை வைத்திருந்தார். பொட்டலம் கட்டப் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்குவார். அவர் மனைவி பாயம்மா கிழிப்பதற்கு முன்னால் புரட்டிப் பார்ப்பார். பேய்க் கதை என்றால் அதைத் தனியாக ஒதுக்கி எனக்குக் கொடுத்துவிடுவார்.

"ஏம்மா, இதுல ஜின்னு கணக்கா ஒண்ணு அலையுது. தொழுவுற வூட்ல இத வெச்சுக்க முடியாது. நீ எடுத்துட்டுப் போ."

"எங்க வூட்ல மட்டும் வெச்சுக்கலாமா?"

"உன்னப் பாத்தா ஜின்னே பயப்படும். போ, போ."

படித்து முடித்ததைப் பொட்டலம் கட்டத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ராஜா காலத்துப் பேய்க் கதைகள் எனக்குப் பிடிக்கும். சண்டை வரும் பக்கங்களைத் தாண்டிவிடுவேன். அரண்மனை, தோட்டம் என்று வர்ணிப்பதையும் தாண்டிவிடுவேன். பேய் வந்துவிட்டால் மட்டும் எனக்கே தெரியாமல் எழுத்து வேகமாக ஓடும்.

2004 தை மாதம் முதல்முதலாகப் பாத்தியில் நின்று படித்தேன். புத்தகத்தைப் பால் கவரில் சுற்றிப் பிடித்திருந்தேன். மேஸ்திரி வரப்பிலிருந்து கத்தினார்.

"இங்க சினிமா ஓட்டுறீங்களா?"

எங்கள் வரிசையில் பிரம்மதேசத்திலிருந்து வரும் அக்கா ஒருத்தி இருந்தாள். யார் கேட்டாலும் அவள்தான் பதில் சொல்வாள். "ராசா வர்றாரு மேஸ்திரி. எழுந்து நிக்கச் சொன்னாரு. நாங்க நின்னுக்கிட்டுதான இருக்கறோம்?" என்றாள்.

மேஸ்திரி அன்று மாலை பாத்தியைக் கட்டையால் குத்திப் பார்த்தார். வழக்கத்தைவிட ஒரே சீராக இருந்தது. அப்புறம் எங்களைப் படிக்க விட்டுவிட்டார். சில நாள் வரப்பில் உட்கார்ந்து அவரும் கேட்டார்.

எனக்குப் பக்கத்தில் மிதித்தவளின் புருஷன் மீன் விற்கிறவர். விடியற்காலை கரைக்குப் போய் மீன் எடுத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு உள் ஊர்களுக்குப் போவார். சைக்கிளில் ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்று இருந்தது. அதன் பித்தளை வாய் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். ஒரு தடவை கோயில் குளத்துப் படியில் சைக்கிளோடு விழுந்தபோது நசுங்கியது. அதிலிருந்து சத்தம் தொண்டை கட்டியதுபோல வரும். உப்பளத்தைத் தாண்டிப் போகும்போது இரண்டு தடவை அமுக்குவார். அவள் தலையைத் தூக்கமாட்டாள். சிரிப்பாள்.

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை அலை வந்தது. அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அவர் மீன் எடுக்கக் கரைக்குப் போயிருந்தார். சைக்கிள் சவுக்குத் தோப்பில் கிடைத்தது. ஹேண்டில்பார் திரும்பியிருந்தது. ஹாரன் இல்லை. அவரும் கிடைக்கவில்லை.

மாமியார் வீட்டில் காரியம் செய்துவிடலாம் என்றார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆளக் காட்டுங்க. பொட்ட அழிக்கிறேன்."



கால்வாய் வழியாகத் தண்ணீர் உப்பளத்துக்குள்ளும் வந்திருந்தது. பாத்தி எல்லாம் கறுப்புச் சேறு. அள்ளிக் கொட்டவே இரண்டு மாதம் ஆனது. மாசி கடைசியில் மிதிக்க இறங்கினோம். காலில் ஏதாவது தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. ஒற்றைச் செருப்பு. வலையில் கட்டும் மிதவை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் டப்பா ஒன்று, உள்ளே ஸ்கேலோடு. ஒருத்தி கால் நின்றால் ஐந்து பேர் காலும் நிற்கும். குனிந்து எடுத்து வரப்பில் போட்டதும் மறுபடி மிதிப்போம். எதற்குப் பயந்தோம் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் அந்த மீன்காரரின் பெண்டாட்டிதான் சொன்னாள்.

"யக்கா, எதுனா படி. காலு சத்தம் மட்டும் கேக்குது. பயமா இருக்குது."

மழைக்காலத்தில் பாயம்மா கொடுத்த புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. அட்டை இல்லை, முதல் பக்கமும் இல்லை. பெயர் தெரியாது. நான் முன்கூட்டிப் படித்திருக்கவில்லை. அதைக் கொண்டுபோனேன்.

கதை இதுதான். ஒரு ராஜா ஏரி வெட்டுகிறான். ஒவ்வொரு மழைக்கும் கரை உடைகிறது. கர்ப்பிணி ஒருத்தியை உள்ளே வைத்து மிதித்தால் கரை நிற்கும் என்று மந்திரவாதி சொல்கிறான். குயவன் பெண்டாட்டியைப் பிடித்து வருகிறார்கள். கரை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கரையில் யார் நடந்தாலும் மண்ணுக்குள்ளிருந்து இரண்டு கை அவர்கள் பாதத்தைப் பிடிக்கும். இழுக்காது. சும்மா அளந்து பார்க்கும். பிறகு விட்டுவிடும்.

"எதுக்கு அளக்குதாம்?" என்றாள் பிரம்மதேசத்தக்கா. "கொலுசு செஞ்சு போடப் போவுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் மிதித்தவளும் சிரித்தாள். நான் மேலே படித்தேன்.

"அவள் தன்னை மிதித்த கால்களைத் தேடுகிறாள். மிதித்தவர்களின் கண்ணைக் கட்டியிருந்தார்கள். அவர்களில் அவள் புருஷனும் இருந்தான். காலடியில் இருப்பது யார் என்று அவனுக்குத் தெரியாது."

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு வாய் சொன்ன பிறகுதான் அர்த்தம் எட்டும். எட்டியபோது நான் சொல்லி முடித்திருந்தேன்.

என் பக்கத்தில் அவள் கால் நின்றது. குனிந்து சேற்றைப் பார்த்தாள். பிறகு வரப்பில் ஏறிவிட்டாள்.

மூன்று நாள் அவள் இறங்கவில்லை. காலையில் வருவாள், வரப்பில் உட்கார்ந்திருப்பாள், மத்தியானம் போவாள். ஐந்து பேர் மிதிக்க வேண்டியதை நாங்கள் நாலு பேர் மிதித்தோம். மூலைப் பாத்தி ஒன்றுதான் பாக்கி. கால்வாய் ஓரத்தில் இருந்ததால் அதில்தான் சேறு அதிகம்.

மேஸ்திரி என்னிடம் வந்தார். "நான் கெட்டவன் இல்லம்மா. நாளன்னிக்குத் தண்ணி விட்டாகணும். அவ இறங்கலன்னா வேற ஆளு வெச்சுப்பேன். நீ சொல்லு அவகிட்ட."

சொன்னேன். அவள் மூலைப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மொதல்ல மிதிச்சுப் பாருக்கா. ஒண்ணும் இல்லன்னா எறங்குறேன்."

"இருந்தா?"

"அவரு இங்க கெடக்குறாருன்னா எந்தப் பாத்தியிலக்கா நான் கால வெப்பேன்? பொண்ணக் கூட்டிக்கிட்டு இடையஞ்சாவடிக்கே போயிடுவேன்."

இடையஞ்சாவடியில் அவள் அண்ணன் வீடு. அண்ணன் பெண்டாட்டி எப்படிப்பட்டவள் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். பொங்கலுக்கு இரண்டு நாள் தங்கினாலே சோற்றுப் பானையை மூடிவைக்கிறவள்.

மறுநாள் காலை நான் ஒருத்தியாக மூலைப் பாத்தியில் இறங்கினேன். மற்ற மூன்று பேரும் வரப்பில் நின்றார்கள். அவள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஒரு சாண் விடாமல் மிதித்தேன். கட்டைவிரலால் துழாவி, பிறகு மிதித்தேன்.

கால்வாய்ப் பக்கத்து மூலையில் வலது குதிகாலில் தட்டுப்பட்டது. வட்டமாக, விளிம்போடு இருந்தது. கட்டைவிரலால் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

கல் இப்படி இருக்காது. எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

ஹாரன் இருந்தால் அவரும் அங்கேயே இருப்பார் என்று இல்லை. அது எங்கிருந்தோ உருண்டு வந்திருக்கும். ஆனால் அதை அவளிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. நிமிர்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குதிகாலை ஊன்றி அமுக்கினேன். சேறு இளகியிருந்தது. இறங்கியது. இன்னொரு தடவை அமுக்கினேன். மேலே மண்ணை இழுத்துவிட்டு மிதித்தேன்.

"ஒண்ணும் இல்ல," என்றேன். "இறங்கு."

அவள் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு இறங்கினாள்.

மீதிக் கதையைக் கேட்டார்கள். அதற்கு மேல் கிழிந்திருக்கிறது என்றேன். கிழியவில்லை. முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து கடைசிவரை படித்திருந்தேன். புத்தகத்தைப் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். பாயம்மாவிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் மூலைப் பாத்தியில் உப்பு நன்றாக வந்தது. அந்த உப்பை நான் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. விளைந்த உப்பைப் பலகையால் இழுத்துச் சேர்க்கும்போது அந்த இடத்தில் பலகையைத் தூக்கிவிட்டுத் தாண்டுவேன். விளிம்பு அழுத்திய இடத்தில் குதிகாலில் பிறைபோல ஒரு தழும்பு விழுந்தது. சில மத்தியானங்களில் அந்த மூலையில் நிற்கும்போது பாதத்துக்கு அடியில் இரண்டு கை வந்து பிடிக்கும். விரலை விரித்து நீளம் பார்க்கும். நான் அசையாமல் நிற்பேன். வெயிலில் பித்தம் ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்று பிரம்மதேசத்தக்கா சொன்னாள். இருக்கலாம்.

வேறொரு மீன்காரர் அந்தப் பக்கம் வர ஆரம்பித்தார். அவரும் ஹாரன் அடிப்பார். ஒவ்வொரு தடவையும் அவள் தலையைத் தூக்குவாள். முன்பெல்லாம் தூக்கமாட்டாள். சத்தம் சுத்தமாக வருகிறது, தொண்டை கட்டவில்லை என்று தெரிந்ததும் குனிந்துகொள்வாள். ஒரு வருஷம் முழுவதும் இப்படித்தான். தினமும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். கடைத்தெருவில் ஒருத்தி ஜாடையாக ஏதோ சொல்லிவிட்டாள். மறுநாளும் பொட்டோடுதான் வந்தாள். மாமியார் வீட்டில் காரியப் பேச்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுவாள்.

அவளுடைய வேலை போகாமல் காப்பாற்றினேன் என்றுதான் நினைத்திருந்தேன். பெண்டாட்டியாகவும் இல்லாமல் தாலி அறுத்தவளாகவும் இல்லாமல் அவளை நடுவில் நிறுத்தியதும் நான்தான். அது எனக்குப் புரிய ஒரு உப்புக்காலம் ஆனது.

2006 தையில் மறுபடி மிதிக்க இறங்கினோம். மூலைப் பாத்திக்கு வந்தபோது கால்வாய்ப் பக்கம் நான் நின்றேன். முதல் நாள் கட்டைவிரலால் துழாவிப் பார்த்தேன். மழைத் தண்ணீரில் தரை இளகி, அது மேலே வந்திருந்தது. விரல் ஆழத்தில் இருந்தது.

மறுநாள் வரிசையில் நிற்கும்போது இடம் மாறி நின்றேன்.

"நீ அந்தப் பக்கம் போ," என்றேன் அவளிடம்.

"ஏங்க்கா?"

"போயேன்."

போனாள். நாலு தடவை மிதித்திருப்பாள். கால் நின்றது. எங்கள் கால்களும் நின்றன. அவள் குனியவில்லை. கட்டைவிரலால் அதைச் சுற்றிப் பார்த்தாள். நசுங்கின பக்கம் வந்ததும் விரல் நின்றது. பிறகு குனிந்து எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். பித்தளை கறுத்துப் பச்சை பூத்திருந்தது.

யாரும் பேசவில்லை. பிரம்மதேசத்தக்காவும் பேசவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள்.

"போன வருஷம் இங்க நீதான மிதிச்ச?"

"ஆமாம்."

"தட்டுப்படலியா?"

"தட்டுப்பட்டுது."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் ஹாரனின் வாயை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை இடுப்பில் செருகினாள்.

"அந்தப் புத்தகமும் கிழியல. அதான?"

"கிழியல."

"எங்க இருக்குது?"

"வரப்புல. பையில."

அன்று அதை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"எடுத்துட்டு வா. படி."

போய் எடுத்து வந்தேன். கை சேறு பக்கத்தில் ஒட்டியது. கடைசி அத்தியாயத்தைப் படித்தேன்.

ஏரி வற்றிப்போகிறது. குயவன் கிழவனாகிவிடுகிறான். யாரை மிதித்தோம் என்று அவனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஒரு நாள் கரையில் வந்து நிற்கிறான். இரண்டு கை அவன் பாதத்தைப் பிடிக்கிறது. அளக்கிறது. இந்தத் தடவை விடவில்லை. அவன் ஓடவில்லை. "இழுத்துக்கொள்" என்கிறான். மண்ணுக்குள்ளிருந்து அவள் பேசுகிறாள். இத்தனை வருஷத்தில் அவள் பேசுவது அந்த ஒரு தடவைதான்.

"காலை எடு. கனக்கிறது."

அவன் காலை எடுக்கிறான். கை விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கரையில் யார் பாதத்தையும் எதுவும் பிடிக்கவில்லை. அத்துடன் கதை முடிகிறது.

படித்து முடித்தும் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். மேஸ்திரி தூரத்திலிருந்து பார்த்தார். கத்தவில்லை. அவள் கால்தான் முதலில் எழுந்தது. வலது, இடது. நாங்களும் மிதித்தோம்.

அன்று மத்தியானம் நேராக மாமியார் வீட்டுக்குப் போய் ஹாரனை அவர்கள் முன்னால் வைத்தாள். அந்த வாரம் கரையில் காரியம் நடந்தது. நானும் போனேன். ஹாரனைக் கடலில் போடச் சொன்னார்கள். அவள் போடவில்லை. தன் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

என்னோடு அவள் பேசவில்லை. ஒரு மாதம் வேலைக்கும் வரவில்லை. மறுபடி வேலைக்கு வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. அதற்குள் மிதிப்பு முடிந்து உப்பு விளைந்திருந்தது. மூலைப் பாத்தியில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று பலகையை இழுத்தாள். அந்த மூலையில் பலகையைத் தூக்காமல் இழுத்தாள். நானும் அப்படியே இழுத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கேட்டாள்.

"வேற புத்தகம் இருக்குதா?"

"ஒண்ணு இருக்குது. ராசா கதை. பேய் இல்ல."

"பேய் இல்லாம என்னாக்கா கதை?"

சாயந்திரம் அந்த ஏரிக் கதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பாயம்மா கடைக்குப் போனேன். வேறொன்று வாங்கி வந்தேன். இந்தத் தடவை கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் எடுத்துப்போனேன்.