பக்கங்களில் செவிடான மைக்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபது. மகளின் பாட்டைப் பதியத் தொடங்கிய நேரமாக மடிக்கணினி அதைத்தான் காட்டுகிறது. பதினோரு வினாடிகள் அவள் குரல் இருக்கிறது. அப்புறம் இல்லை.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, பக்கத்து வீட்டு அக்கா பேசுறது கேக்குதும்மா. ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது.”

றப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரன் றப்பர் மலையில் பால் வெட்டுகிறவன். அவன் மனைவிக்கும் அதே வேலை. மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். பிறகுதான் அவன் அவளை அடிப்பான். அடி விழத் தொடங்கியதும் நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டுவோம். லயம் முழுக்க அதுதான் வழக்கம். அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொள்வோம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கும் நானும் ஏழு வருடமாக டிவியைக் கூட்டியவள்தான்.

அந்த மைக்கை வாங்கியதும் அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான். மகள் வீட்டிலேயே பாடிப் பதிய ஆசைப்பட்டாள். இரத்தினபுரிக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியதைப் பற்றி அவரே சொன்னார், “இது ஒங்க லயத்துக்குச் சரிவராது டீச்சர். கோழி முட்டை போடுறதும் இதுல கேக்கும்.” அடுத்து, விலை குறைந்த ஒரு ரிப்பன் மைக். உள்ளே சிகரெட் பெட்டித் தாளைவிட மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்று தொங்குகிறது. வாயால் ஊதினாலே கிழிந்துவிடுமாம். “முன்னால கேக்கும், பின்னால கேக்கும். ரெண்டு பக்கமும் செவிடு. சத்தம் வர்ற சுவருக்கு இதோட பக்கத்தக் காட்டி வைங்க.”

“அந்தச் செவிடுதாங்க எங்களுக்கு வேணும்” என்றேன்.

அதுவரை மகள் அப்படித்தான் வைத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை அவள் பாட இருந்தது முருகன் பாட்டு. எங்கள் சாமித் தட்டு அந்தப் பொதுச் சுவரில்தான் இருக்கிறது. சாமியைப் பார்க்காமல் சாமி பாட்டா என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

“முருகனுக்குக் காது மந்தமாம்மா?” என்று சிரித்தாள். ஆனாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மைக்கைத் தனக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தாள். அதன் முதுகு பக்கத்து வீட்டைப் பார்த்தது. ரிப்பன் மைக்குக்குச் சத்தம் போதாது என்று ஒலித் திருகையும் கடைசிவரை கூட்டியிருந்தாள்.

அவள் ஹெட்போனை என் காதில் வைத்தாள். ஏழு வருடமாக எனக்குக் கேட்டது இரைச்சல். அன்று கேட்டது வார்த்தை.

“கை வேணாங்க. கைய விட்டுட்டு எங்கயாச்சும் அடிங்க. நாளைக்கு மலைக்குப் போகணுங்க.”

பிறகு ஏதோ முறிந்தது. விறகு என்று நினைத்தேன். விறகு இல்லை.

என் கை டிவி ரிமோட்டைத் தேடியது. எழுதக் கூசுகிறது, ஆனால் தேடியது. மகள் அதற்குள் வெளியே ஓடி அவர்கள் கதவைக் குத்தினாள். “அண்ணே, கதவத் தொறங்க! எல்லாம் ரெக்கோட் ஆயிருச்சு!”

அவன் திறந்தான். கையில் பால் வெட்டும் கத்தி.

“ரெக்கோட்டா? எங்கடி வச்சிருக்க, பாட்டுக்காரி?”

அவளுடைய முடியைப் பிடித்து எங்கள் வீட்டுக்குள் இழுத்து வந்தான். முகத்தை மேசை விளிம்பில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. பல் ஒன்று சீமெந்துத் தரையில் உருண்டதைப் பார்த்தேன். நான் அவன் மேல் விழுந்தேன். முழங்கைக்குக் கீழே சூடாக ஏதோ ஓடியது. கத்தி பட்டதே தெரியவில்லை.

“காப்பாத்துங்க!” என்று அலறினேன்.

முதலில் நான்காம் வீட்டு டிவி கூடியது. பிறகு ஐந்தாவது. பிறகு கடைசி வீடு வரைக்கும். நான் கத்தக் கத்த அவர்களும் கூட்டினார்கள்.

பாட்டும் பேச்சும் மைக்குக்குள்ளேதான் இருக்கின்றன என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அதை வயரோடு பிடுங்கித் தரையில் அடித்தான். வலை பிளந்து அந்தப் பட்டை வெளியே வந்து ஆடியது. மிதித்தான். மிச்சத்தைத் தூக்கி வாசல் சாக்கடைக் காணுக்குள் எறிந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டான். அவன் டிவியும் அலறத் தொடங்கியது. மடிக்கணினியை அவன் தொடவே இல்லை.

பொலிசுக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் நான்தான் பேசினேன். மகளின் வாயில் துணியை அழுத்திக்கொண்டு, இரத்தம் வழியும் என் கையைச் சுவரில் வைத்து வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவன் மனைவி மூச்சு விடுகிறாளா? டிவிகளைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

நாலே முக்காலுக்கு ஜீப் வந்தது. பெண் பொலிஸ் ஒருவர் அவன் கதவில் காதை வைத்தார். அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. லயத்தைத் திரும்பிப் பார்த்து, “டீவி ஒக்கோம வஹன்ன!” என்று, எல்லா டிவியையும் நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். எல்லா டிவியும் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக நின்றது அவனுடையது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவைத் திறந்தவள் அவன் மனைவி. வலது கையைச் சாக்குத் துணியில் சுற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இரண்டு பொலிஸ்காரர்கள் அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்து அவனைத் தரையில் அமுக்கினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப்புக்கும் போகவில்லை. வாசல்களில் வந்து நின்ற அத்தனை பேர் முன்னாலும் நடந்து எங்கள் படிக்கு வந்தாள்.

“டீச்சர், அந்த ரெக்கோட்டச் சத்தமா போடுங்க” என்றாள். “டிவி கூட்டுன அத்தன பேரும் கேக்கட்டும்.”