சார்ட்டில் ஏணிக்குக் கீழே என் பேர்

எட்டாவது பாதியில் நின்றவன் நான். பன்னிரண்டு வருஷம் சென்ட்ரிங் வேலை பார்த்தேன். காங்கிரீட் இறுகும்வரை கூரையைத் தாங்க முட்டு கொடுப்பது, பலகை அடிப்பது. முழங்கால் போனது. மதுரையில் விளாங்குடி தாண்டி உள்ள ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஒர்க்‌ஷாப் உதவியாள் வேலை கிடைத்தது. சாமான் எடுத்துக் கொடுப்பேன், திரும்ப வாங்கி வைப்பேன். பேச வேண்டிய வேலை இல்லை. அதனால்தான் ஒத்து வந்தது.

போன வருஷம் ஒரு மேடம் புதிதாக வந்தார். ஒரு வருஷக் காண்ட்ராக்ட். சௌராஷ்டிரா வீட்டுப் பெண். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்று ஒரு பாடம் எடுத்தார். ஒரு வேலையைத் திட்டம் போட்டு, ஆள் சேர்த்து, சொன்ன தேதியில் முடிப்பது எப்படி என்பதுதான் பாடம். அதற்குப் புத்தகம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மேடம் பிரின்சிபாலிடம் போய், "புக்குல படிச்சா வராது சார். பிள்ளைங்க நெசமாவே ஒண்ணு கட்டட்டும்" என்று கேட்டிருக்கிறார். காலேஜ் பஸ் நிற்கிற இடத்தில் நிழல் இல்லை. அங்கே முப்பதடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு கூரை. கட்டுவது மேஸ்திரியின் ஆட்கள். திட்டம், தேதி, மேற்பார்வை எல்லாம் பிள்ளைகள்.

பிரின்சிபால் ஒத்துக்கொண்டார். ஒன்று மட்டும் சொன்னார். "இன்ஸ்பெக்‌ஷன் குழு வர்ற அன்னைக்குக் கூரைக்கடியில முட்டு நின்னுச்சுன்னா, அடுத்த வருஷம் உங்களுக்கு வகுப்பு இல்லம்மா."

இதை மேடம் யாரிடமும் சொல்லவில்லை. நான் அப்போது பிரின்சிபால் ரூமில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழு பிள்ளைகள். தலைவி ஒரு பெண். வாடிப்பட்டிப் பக்கம். அவள் தாத்தா அடுத்தவர் வயலில் கூலி பார்த்தவர், அப்பாவுக்கு இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர். கெட்டிக்காரி. ஒர்க்‌ஷாப் சுவர் முழுக்க ஒரு சார்ட் ஒட்டினாள். எந்த வேலை, எந்தத் தேதி, யார் பொறுப்பு, எது முடிந்தால் எது தொடங்கும், எல்லாம் கலர் கலராக. ஓரத்தில் 'கைவசம் உள்ளவை' என்று ஒரு பட்டியல். தள்ளுவண்டி இரண்டு. மண்வெட்டி ஆறு. ஏணி ஒன்று. அதற்குக் கீழே, அண்ணே ஒன்று.

அண்ணே நான்தான்.

ஒரு பையன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏய், அண்ணனை ஏணிக்குக் கீழ போட்டுருக்க?"

"ஏணி பேசாது. அண்ணனும் பேச மாட்டாரு. ஒரே வகைதானடா" என்றாள் தலைவி.

சரியாகத்தான் சொன்னாள்.

காங்கிரீட் தேதியைப் பார்த்தேன். ஆவணி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வகுப்பு இல்லை, எல்லோரும் நிற்கலாம் என்று அவர்கள் கணக்கு. கம்ப்யூட்டர் காலண்டரில் அது வெறும் ஞாயிறு. என் மேசைக்கு மேலே தொங்குகிற தினசரிக் காலண்டரில் அது வளர்பிறை முகூர்த்தம். ஆவணியில், ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் மதுரையில் ஒரு கொத்தனார்கூடக் கிடைக்க மாட்டார். அவர் வீட்டில் கல்யாணம் இருக்கும். இல்லையென்றால் அவர் மச்சான் வீட்டில் இருக்கும்.

எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஐந்து நாள் அப்படியே போனது. வீட்டில் சொன்னேன். "இதை அங்க போயி சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்றாள் என் மனைவி.

அந்த வெள்ளிக்கிழமை மேடம் சார்ட் முன்னால் எல்லோரையும் நிறுத்தி வைத்தார்.

"காங்கிரீட்டுக்கு இன்னும் ஒம்பது நாள். எதுல தடங்கல் வரும்? யோசிச்சுச் சொல்லுங்க."

மழை என்றான் ஒருவன். கரண்ட் என்றான் இன்னொருவன். ஜல்லி லாரி லேட் ஆகும் என்றாள் ஒரு பெண். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அந்த ஞாயித்துக்கிழமை ஏணி ஃப்ரீயா இருக்குமா?"

"ஏணி ஃப்ரீதான் மேடம். ஆளு வர மாட்டான்."

நான் காலண்டரைக் காட்டினேன்.

"திங்கக்கிழமை போட்டுக்குவோம்ணே" என்றான் ஒரு பையன்.

"மறுவீட்டு விருந்து. கறி."

"செவ்வாய்?"

"உடம்பு வலி."

"புதன்?"

"வேற சைட்டு. ஒரு வாரம்."

தலைவி விரல் விட்டு எண்ணினாள். காங்கிரீட் போட்டுப் பதினாலு நாள் முட்டுகளைப் பிரிக்கக் கூடாது. பதினெட்டாவது நாள் குழு வருகிறது. ஒரு வாரம் தள்ளினால் குழு வரும்போது முட்டு நிற்கும். மேடம் முகம் வெளுத்துப்போனது.

"அண்ணே, இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"கேக்கலயே மேடம்."

மேடம் வெளியே போய் அவர் அம்மாவுக்குப் போன் போட்டார். வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. என்னைத்தான் திட்டினார் என்பது மட்டும் புரிந்தது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை அன்றைக்கு.

சாயங்காலம் தலைவி வந்தாள். "அண்ணே, மேஸ்திரி வீட்டுக்கு வாங்க. நீங்க பேச வேணாம். சும்மா கூட நின்னா போதும்."

அதற்குப் போகலாம். போனேன். மேஸ்திரி என் பழைய கூட்டாளி. என்னை மச்சான் என்பார். அந்த ஞாயிறு அவர் தங்கச்சி மகளுக்குத் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். இவர்தான் தாய்மாமன். கேங் ஆட்கள் பதினெட்டு பேரும் சொந்தக்காரர்கள்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்குண்ணே?" என்றாள் தலைவி.

"ஏழரை ஒம்பது."

"தாலி கட்டினதும்?"

"சாப்பாடு."

"சாப்பிட்டதும்?"

"சும்மா இருப்போம்."

"எம்புட்டு நேரம் சும்மா இருப்பீங்க?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "என்ன மச்சான், சும்மா இருக்கறதுக்கெல்லாம் மணி கேக்குது இந்தப் பிள்ள?"

"பாடம்" என்றேன்.

ஒரு மணி நேரம் பேசினாள். கடைசியில் மேஸ்திரி இறங்கி வந்தார். பத்து மணிக்கு மண்டபத்து வாசலுக்குக் காலேஜ் பஸ் வந்தால் ஆட்களை ஏற்றி விடுவார். ஒரு நிபந்தனை. பிள்ளைகள் ஏழு பேரும் மேடமும் கல்யாணத்துக்கு வர வேண்டும்.

மறுநாள் சார்ட்டில் ஒரு புதுக் கட்டம் இருந்தது. 'தாலி கட்டுதல், 7.30 முதல் 9 வரை.' பொறுப்பு என்ற இடத்தில் 'நம் கையில் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

இன்னொரு கட்டமும் இருந்தது. 'அண்ணனைக் கேட்டல், தினமும் காலை 9 மணி, 10 நிமிடம்.'

இதுதான் எனக்கு வந்த தண்டனை. முதல் நாள் ஏழு பேரும் நோட்டோடு வந்து நின்றார்கள். "ஏதாச்சும் இருக்காண்ணே?" ஒண்ணுமில்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். மீதி ஒன்பதே முக்கால் நிமிஷம் எல்லோரும் ஃபேனைப் பார்த்தபடி நின்றோம். இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் தலைவி கேள்வியை மாற்றினாள். "அண்ணே, காங்கிரீட் அன்னைக்கு எதுக்கெல்லாம் சண்டை வரும்?"

அதற்குப் பதில் இருந்தது. கலவை மிஷினுக்கு டீசல் தீரும், யார் வாங்கப் போவது என்று சண்டை வரும். தண்ணி டிரம் தூரத்தில் இருந்தால் வரும். இரண்டு சித்தாள்களைப் பக்கத்தில் நிறுத்தினால் வரும், போன பொங்கலிலிருந்து அவர்களுக்குள் பேச்சு இல்லை. ஏழு பேரும் எழுதினார்கள். அன்றைக்குப் பத்து நிமிஷம் பத்தவில்லை. அந்த மாசத்திலேயே நான் அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் சார்ட்டை ஒரு தடவை பார்த்தேன். 'சாப்பாடு, கேன்டீன், சாம்பார் சாதம்' என்று இருந்தது. அப்போது மணி ஒன்பது இல்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. மேடம் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றேன்.

அவர் பயந்துபோய்த் திரும்பினார். நானாகக் கூப்பிட்டு அவர் பார்த்ததில்லை. "என்னண்ணே, என்ன ஆச்சு?"

"காங்கிரீட் அன்னைக்குக் கறிச்சோறு போடணும். சாம்பாரப் பாத்தா கலவைச் சட்டியப் பாதியில வச்சிட்டுப் போயிருவாங்க."

"கேம்பஸுக்குள்ள கறி கூடாதேண்ணே. ரூல் இருக்கே."

"கேட்டுக்கு வெளிய புங்க மரம் இருக்கு."

மேடம் பிரியாணிக்குப் போன் போட்டார். கறி சாப்பிடாத வீட்டுப் பெண். "ஒரு ஆளுக்கு எத்தனை பீஸ் வரும்னு கேக்கணுமாண்ணே?" என்று என்னைக் கேட்டுக் கேட்டுச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தாலி எட்டரைக்கே ஏறிவிட்டது. ஆனால் போட்டோகிராபர் தாய்மாமனை விடவில்லை. சீர்த்தட்டோடு நில்லுங்க, சிரிங்க, இன்னொரு தடவை. தலைவி மேடைக்குக் கீழே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பஸ் கிளம்பும்போது பதினொன்று நாற்பது. ஆட்கள் பஸ்ஸுக்குள்ளேயே பட்டுக்கரை வேட்டியை அவிழ்த்து லுங்கிக்கு மாறினார்கள். பெண்பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சித்தாள்கள் இறங்கும்போது தலையில் மல்லிகைப்பூ அப்படியே இருந்தது. பேச்சு இல்லாத இரண்டு பேரையும் வரிசையின் இரண்டு கடைசியில் நிறுத்தி வைத்தாள் தலைவி. டீசல் இரண்டு கேன் தயாராக இருந்தது. சண்டை வரவில்லை.

மூன்று மணிக்குப் புங்க மரத்தடியில் பாய் விரித்தோம். வாட்ச்மேன் வந்து, ஒரு பாயின் நுனி ஒரு முழம் கேட்டுக்கு உள்ளே வருகிறது என்று இழுத்து வெளியே விட்டார். அப்புறம் அவரும் அந்தப் பாயிலேயே உட்கார்ந்தார். ஆறரைக்குக் கடைசிச் சட்டிக் கலவை ஏறியது.

பதினாலு நாள் காங்கிரீட் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். பதினைந்தாம் நாள் காலையில் முட்டுகளைப் பிரித்தோம். முதல் முட்டுக்கம்பை நான் தட்டினேன். முழங்கால் வலித்தது. மேடம் தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூரை அசையவில்லை.

குழு வந்த அன்றைக்கு நல்ல வெயில். பெரியவர் ஒருவர் கூரையடியில் நின்று முகம் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சார்ட்டை மேலிருந்து படித்தார். ஒரு இடத்தில் நின்றார். 'தாமதம், 1 மணி 40 நிமிடம். காரணம்: போட்டோகிராபர்.'

"இது என்னம்மா?"

மேடம் சொன்னார். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். பிரின்சிபாலும் சிரித்தார். மேடத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைத்தது.

இந்த வருஷம் புதுப் பிள்ளைகள். சைக்கிள் ஷெட் கட்டுகிறார்கள். புதுச் சார்ட்டிலும் என் பேர் ஏணிக்குக் கீழேதான். ஒன்பது மணிக் கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. நோட்டோடு வந்து நிற்கிறார்கள். அதனால் காலையில் வந்ததும் காலண்டரை நாலு தாள் புரட்டிப் பார்த்து வைக்கிறேன்.

நேற்று கேட்டார்கள். "அண்ணே, எதுல தடங்கல் வரும்?"

"ஐப்பசி" என்றேன். "மழை. பத்தாததுக்குத் தீபாவளி. ஆளெல்லாம் ஊருக்குப் போயிருவான்."

ஒரு பையன் எழுதி முடித்து நிமிர்ந்தான். "அப்ப என்னண்ணே செய்றது?"

"உக்காரு" என்றேன். "பத்து நிமிஷம் பத்தாது."