கோந்து மாட்டிக்கொண்ட அறை

என் மனைவியின் தங்கை புருஷன், அதாவது என் சகலை, செயற்கைக்கோளுக்கு ஆன்டெனா பலகை ஒட்டுகிறவர். எல்லோரும் கூப்பிடுவது கோந்து என்று. கோள் கட்டுகிற அதே கூடத்தில் நான் கிரேன் ஓட்டுகிறேன்.

அந்த ஆன்டெனா வானத்திலிருந்து பூமியைப் பார்த்து அலையை வீசும். பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் எடுப்பார்கள். இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. பலகை மயிரிழை வளைந்தாலும் அலை பக்கவாட்டில் கசியும். கசிந்தால் படத்தில் துறைமுகத்துக் கப்பல் பக்கத்து வயலில் பேய் மாதிரி நிற்கும்.

கசிவைச் சோதிக்க ஒரு அறை. சுவர், கூரை, கதவு எல்லாம் கூர்கூராகக் கறுப்பு ஸ்பாஞ்சு. அலையையும் விழுங்கும், சத்தத்தையும் விழுங்கும். உள்பக்கக் கைப்பிடி மட்டும் இரும்பு. அதில் அலை பட்டுத் திரும்புகிறது என்று சோதனை மேடம் குறைப்பட்டுக்கொள்ள, கோந்து அதன்மேல் ஒரு ஸ்பாஞ்சுக் கட்டியை ஒட்டி மூடிவிட்டார். யாராலும் பிய்க்க முடியாது என்று பெருமை வேறு.

மறுநாள் அவர் பலகைக்குப் பின்னால் குனிந்து ஒரு கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மேடம் வழக்கம்போல வாசலில் நின்று, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார். குரலை ஸ்பாஞ்சு விழுங்கிவிட, கதவு சாத்திக்கொண்டது.

கோந்து ஓடிவந்து கட்டியைப் பிடித்து இழுத்தார். நுனிதான் கையோடு வந்தது. கதவைக் குத்தினால் மெத்தையைக் குத்தின மாதிரி. உள்ளே போன் கூடாதென்று அது வெளியே டப்பாவில். கத்திப் பார்த்தார்; தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. பலகை மெல்லச் சுழலத் தொடங்கியது. தன் உடம்பில் பட்டு அலை திரும்பும், பலகைதான் கசிகிறது என்று கழித்துவிடுவார்கள், மாதக்கணக்கில் ஒட்டினது குப்பைக்குப் போகும். மூலையில் ஒடுங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே திரையில் கோடு ஓரிடத்தில் மேடு தட்டியது.

"போச்சு, கசியுது. இதை மேல அனுப்பினா படம் பூரா பேய்தான். கழட்டச் சொல்லணும்," என்றார் மேடம்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க மேடம். என் சகலை வாயில வேணா கசிவு இருக்கும், ஒட்டுல இருக்காது," என்றேன், பலகையைத் தூக்கக் காத்திருந்த நான்.

உள்ளே பலகை மறுபடி சுழன்றது. இப்படியே அசையாமல் நின்றால் பழி பலகைமேல்தான் என்று கோந்துக்கு உறைத்தது. குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

திரையில் மேடு இடம் மாறியது. மறைந்தது. வேறு பக்கம் முளைத்தது.

"என்னங்க இது, நடக்குது?" என்றார் மேடம். "ஆமா, கோந்து எங்க?"

கதவு திறந்தபோது சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது அவருக்கு.

"கத்த வேண்டியதுதானே?"

"கத்தினேன் மேடம். எனக்கே கேக்கலை."

ஆளில்லாமல் ஓட்டினதில் கோடு சுத்தம். பலகை தேறியது. சுவரோரம் அடுத்தடுத்த பலகைகள் காத்திருந்தன.

"வெளிய ஏதாச்சும் வேலை போட்டுக் குடுங்க மேடம்," என்றார் கோந்து.

"உங்களை விட்டா ஒட்ட ஆளில்லையே. இந்தக் கோள் போகட்டும், பாக்கலாம்."

"போன கோளுக்கும் இதேதான் சொன்னீங்க."

மேடம் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். கோந்து வாசல்வரை போய் நின்றார்.

"சகலை, கொஞ்சம் கதவுல நில்லுங்க."

நின்றேன். அன்றிலிருந்து கிரேன் சும்மா இருக்கிற நேரமெல்லாம் என் கால் அந்தக் கதவிடுக்கில்தான்.